கலா ஓயாவுக்கு அந்தப் பக்கம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஒதுங்கினர். 2009இல் யுத்தம் முடிந்தபின் தென் மன்னாருக்குத் திரும்பிய பலருக்கு இன்று இரண்டு ஊர், இரண்டு வீடு. இரண்டுக்கும் இடையே வில்பத்துக் காட்டின் ஊடாக எலுவன்குளம் பாதை. சுற்றாடல் அமைப்புகளின் வழக்கையும் சந்தித்த பாதை அது.

2012 மாரியில் மௌலவியான நண்பர் ஒருவருடன் சிலாவத்துறையிலிருந்து வாடகை வேனில் புத்தளம் புறப்பட்டேன். அவருடைய உம்மாவும் மனைவியும் கைக்குழந்தையும் கூடவே வந்தார்கள்.

மறிச்சுக்கட்டியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் டயரில் காற்றுப் போயிற்று. ஜெக் சேற்றில் புதைந்தது. பாதையோரத்திலோ சூடாறாத யானை இலத்தி! பலகையொன்றை அடியில் வைத்து ஒருவாறு டயரை மாற்றினோம்.

கலா ஓயாவுக்கு வந்தால் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் வெள்ளம். அக்கரையில் எலுவன்குளம். அங்கிருந்து புத்தளம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"பாலம் தெரியுதுதானே, விடுங்கோ" என்றார் நண்பர்.

டிரைவருக்கு முந்தி உம்மா பேசினார்: "தோணியில வந்த அண்டைக்கு ரெண்டு பிள்ளையப் பிடிச்ச கை மகன் இது. இண்டைக்கு ஆத்துல விட ஏலாது."

வேன் திரும்பியது. முருங்கன், மதவாச்சி, அநுராதபுரம் என்று ஒரே சுற்று. வழியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பெண்கள் வுழூச் செய்து ஒதுங்க ஓரிடம் தேடியதுதான் பெரும்பாடு. பாதையோரப் பள்ளிகளில் அவர்களுக்கென்று ஓர் அறை கட்ட நம் நிர்வாகிகளுக்கு எப்போது தோன்றுமோ!

நள்ளிரவு தாண்டி வேன் நின்றது.

"ஊருக்கு வந்துட்டமா மாமி?" என்று கேட்டார் மருமகள்.

"இது புத்தளம்" என்றார் உம்மா.