‘துன்பம் நேர்கையில்’ லவ் சாங்கா? புதுச்சேரி வாத்தியார் எழுதிய பாட்டின் நிஜக் கதை!

யூடியூப்ல ‘துன்பம் நேர்கையில்’னு தேடிப் பாருங்க. பழைய கறுப்பு வெள்ளை சினிமா டூயட், கர்னாடக சங்கீதக் கச்சேரி, வீட்டு மாடியில் எடுத்த கவர் வெர்ஷன்னு வரிசையா வரும். பெரும்பாலானோருக்கு இது ஒரு காதல் பாட்டு. ஆனா, எழுதியவர் மனசுல காதலி இல்லை.

எழுதியது யார்?

பாரதிதாசன். 1891-ல் புதுச்சேரியில் பிறந்த கனக சுப்புரத்தினம். பிழைப்புக்கு அரசுப் பள்ளித் தமிழாசிரியர் வேலை. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு தமிழிசை இயக்கம் சூடுபிடித்த காலத்தில், பாடுவதற்கென்றே அவர் எழுதிய பாடல்களின் தொகுப்பு ‘இசையமுது’. அதில் ஒன்றுதான் இது.

சினிமாவுக்கு எப்படி வந்தது?

பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். இந்துஸ்தானியிலிருந்து நம்ம பக்கம் வந்த ராகம் அது. ‘வந்தே மாதரம்’ பாட்டை ரேடியோவில் கேட்டிருந்தால், தேஷ் ஏற்கெனவே உங்க காதுக்குப் பழக்கம்தான்.

1951-ல் அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தை ஏவி.எம். படமாக எடுத்தது. இசை ஆர்.சுதர்சனம். எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும் பாட, திரையில் லலிதாவும் நாகேஸ்வர ராவும் காதலர்களாக வந்தார்கள். அங்கேதான் இந்தப் பாட்டு டூயட் ஆனது.

இன்னொரு சுவாரஸ்யம்: படம் வந்தப்போ புதுச்சேரி இந்தியாவோடு சேரவே இல்லை. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1-ல்தான். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர்க் கவிஞரின் பாட்டு, எல்லை தாண்டி தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஒலித்திருக்கிறது.

அப்போ இது காதல் பாட்டு இல்லையா?

மூலக் கவிதையைக் கடைசி வரை படிச்சா விஷயம் புரியும். ‘உன்னைப் பெற்ற எங்களுக்கு’ என்ற பொருளில் முடிகிறது அது. அதாவது, பெற்றோர் மகளிடம் பேசுகிறார்கள்.

கேட்பது என்ன? துயரம் வரும்போது யாழெடுத்துத் தமிழில் பாடு. பழந்தமிழ்க் கூத்து முறையில் ஆடிக் காட்டு. எது அறம்னு எங்களுக்கே புரியாதபோது திருக்குறளிலிருந்து ஒரு சொல் சொல்லு. அகமும் புறமும் கற்றுத் தேர்ந்து எங்கள் செல்வமாகு.

நகை, கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இசை, நடனம், நூலறிவு மட்டும்தான். குழப்பத்தில் பெற்றோருக்கே வழிகாட்டும் இடத்தில் மகள் இருக்கிறாள். பெண் கல்விக்காகக் கடைசிவரை எழுதிய ஒரு வாத்தியாரின் ஆசைப் பட்டியல் இது.

இன்றைக்கு?

சஞ்சய் சுப்ரமண்யன், பாம்பே ஜெயஸ்ரீ போன்றோர் பாட, இந்தத் தலைமுறைக்கும் பாட்டு வந்து சேர்ந்துவிட்டது. சினிமாவில் டூயட் ஆனது தப்புன்னு சொல்ல முடியாது. அதனால்தான் பாட்டு வீடுவீடாகப் போனது. ஆனா, அந்தப் பயணத்தில் மகள் கொஞ்சம் மறைந்துபோனாள்.

புதுச்சேரி வந்தால் கடற்கரை, கஃபேயோடு திரும்பிடாதீங்க. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இப்போ நினைவு இல்லம். ஹெட்செட்டில் இந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டு, ஓர் அப்பா பாடுறதா நினைச்சுக் கேட்டுப் பாருங்க. வேற பாட்டா கேட்கும்!