பழங்காசும் பழைய சட்டமும்

பூமியில் புதைந்து கிடக்கும் பழைய நாணயத்திற்கு இருவகை மதிப்பு உண்டு. தட்டான் உரைத்தும் நிறுத்தும் கூறும் மதிப்பு ஒன்று. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதனால் சரித்திரத்திற்கு உண்டாகும் மதிப்பு மற்றொன்று. முதல் மதிப்பு காசோடு கைமாறும். இரண்டாவதோ, கண்டெடுத்தவன் ஒரு கணம் அவசரப்பட்டால் அவ்விடத்திலேயே மாண்டுபோகும். இவ்வுண்மையை உணர்ந்து சட்டம் செய்துகொண்ட தேசத்திலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் உலோகங்காட்டும் கருவியைக் கையிலேந்தி வயல்வெளிகளில் பழங்காசு தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. கருவியின் தத்துவம் எளியது. கம்பிச் சுருளில் மாறும் மின்சாரம் பாயும்போது அதனைச் சுற்றிக் காந்த சக்தி எழுகிறது. அச்சக்தி மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்சுழல்களை உண்டாக்குகிறது. அச்சுழல்கள் எதிர்வினை செய்ய, அதுவே தேடுபவர் காதில் ஒலியாகக் கேட்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இவ்வகைக் கருவியைத்தான் செய்து பார்த்தார். இரண்டாவது மகாயுத்தத்தில் புதைத்த வெடிகளைக் கண்டுபிடிக்க இது பயன்பட்டது. ஆயினும், உலோகம் உண்டு என்பதற்குமேல் இக்கருவி அதிகம் சொல்லுவதில்லை. கிடைத்தது துருப்பிடித்த ஆணியா, அரசன் அடித்த காசா என்பதை மனிதனே ஆராய்ந்து தெளியவேண்டும்.

2010 ஏப்ரலில், ஸாமர்செட் ஜில்லாவிலுள்ள புரோம் என்ற ஊரின் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் இவ்வாறு தேடிக்கொண்டிருந்தார். அவர் செல்வந்தருமல்லர், பண்டிதருமல்லர். ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். ஓரடிக்குச் சிறிது அதிகமான ஆழத்தில் காசுகளும் பானையின் விளிம்பும் தென்பட்டன. வேறொருவராயின் பானையை உடைத்து உள்ளதை வாரியிருப்பார். அவரோ தோண்டுவதை நிறுத்திக் குழியை மூடிவிட்டு, உரிய அதிகாரிக்குத் தகவல் கொடுத்தார். புதைபொருள் ஆராய்ச்சியாளர் வந்து மூன்று நாட்கள் அடுக்கடுக்காக அகழ்ந்தெடுத்தனர். உள்ளே இருந்தவை கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 52,503 ரோமானியக் காசுகள். நிறை சுமார் 160 கிலோ.

காசின் ஒருபுறம் கதிர்முடி தரித்த அரசன் தலை, சுற்றிலும் அவன் நாமம். மறுபுறம் தெய்வ வடிவம். இவற்றோடு உலோகம், நிறை, அக்கசாலைக் குறி ஆகியவற்றையும் ஒப்புநோக்கி அறிஞர்கள் அவற்றை இனம்பிரித்தனர். எழுநூற்றுக்கு மேற்பட்டவை கராசியஸ் என்பவனுடையவை. 286-ல் ரோமாபுரிக்கு அடங்காது பிரிட்டனில் தன்னைச் சக்கரவர்த்தியென அறிவித்து, 293-ல் கொலையுண்டவன் இவன்.

இங்கேதான் விசேஷம் இருக்கிறது. பிந்திய காலத்தவனான அவனுடைய காசுகளிற் பெரும்பகுதி பானையின் மேற்பாகத்தில் இல்லை. பாதிக்குக் கீழே கிடந்தது. ஒருவர் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேமித்திருந்தால் புதிய காசு மேலேயன்றோ இருத்தல் வேண்டும்? ஆகவே அனைத்தும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை என்று அறிஞர் முடிவு செய்தனர். மெல்லிய அப்பானையை அத்தனை பாரத்தோடு தூக்கிவந்திருக்க முடியாது. வெறும் பானையை முதலில் புதைத்துப் பின்னர் நிரப்பியிருக்கவேண்டும். அது சேமிப்பன்று, தெய்வத்திற்கு இட்ட காணிக்கையாகலாம் என்ற அபிப்பிராயமும் இதனால் பிறந்தது. காசுகளை வாரிக் குவித்திருந்தால் இவற்றுள் ஒன்றேனும் தெரியவந்திராது.

அந்நாட்டில் 1996-ல் இயற்றிய புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். பொருட்காட்சிசாலை அதனை விரும்பினால் சந்தை மதிப்பு முழுவதையும் கொடுத்தே பெறவேண்டும். புரோம் புதையலுக்கு 3,20,250 பவுன் வழங்கப்பட்டது. உண்மை பேசியவர் நஷ்டப்படவில்லை.

சட்டத்தை மீறினோரும் உண்டு. 2015-ல் லெம்ஸ்டர் என்ற ஊரருகே இருவர் ஒன்பதாம் நூற்றாண்டுப் புதையல் ஒன்றைக் கண்டு, மறைத்து விற்றனர். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மீட்கப்பட்டவை ஏறக்குறைய முப்பதே. ஆல்பிரட் மன்னனும் மெர்ஸியா தேசத்துச் செயோல்வுல்பும் நேசர்களாயிருந்தனர் என்பதற்கு அக்காசுகளே சாட்சி கூறுகின்றன. பிற்கால ஏடுகளோ செயோல்வுல்பை மூடனென்று இகழ்ந்து ஒதுக்கின. 2019-ல் அவ்விருவரும் சிறை சென்றனர். எனினும் சிதறிய சாட்சியங்கள் முழுமையாகத் திரும்பவில்லை.

நிற்க, நம் தேசத்தின் நிலை என்ன? இங்குள்ள புதையல் சட்டம் 1878-ல் அந்நிய சர்க்கார் இயற்றியது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது அது. சர்க்கார் அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தாற் போதும் என்றும் விதிக்கிறது. தட்டான் கூறும் மதிப்பையே சட்டமும் கூறுகிறது! சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த செப்புக்காசு ஒன்றை 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டார். ஏட்டிலும் பாட்டிலும் மட்டுமே அறிந்திருந்த பெயர் உலோகத்தில் எழுந்து நின்றது. அக்காசிலுள்ள செம்பின் விலையோ சில ரூபாய்தான். கரூரில் அமராவதி மணலைச் சலித்துக் காசெடுக்கும் ஏழைத் தொழிலாளி, ஐந்தில் ஒரு பங்கை நம்பிக் கலெக்டரிடம் செல்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? அவன் வியாபாரியிடம் செல்கிறான். காசு எங்கோ போய்விடுகிறது, அது கிடந்த இடமும் மறந்துபோகிறது.

கருவி வாங்கிக்கொண்டு எல்லோரும் தோண்டப் புறப்படலாம் என்று நாம் கூறவில்லை. அது பெருங்கேடாய் முடியும். உழும்போதும் கிணறு வெட்டும்போதும் தானே வெளிவரும் பொருளைப் பற்றியே பேசுகிறோம். நமக்கு இச்சட்டத்தை அளித்துச் சென்றவர்கள் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். நாமோ சுதந்திரம் பெற்ற பின்னும் அவர்கள் விட்டுச்சென்ற அளவுகோலையே வைத்திருக்கிறோம். கண்டெடுத்தவனுக்கு முழு மதிப்பும் நன்மதிப்பும் அளித்து, பொருளோடு இடத்தையும் பதிவு செய்யும் சட்டம் நமக்கு வேண்டும். முன்னோர் சரித்திரத்தைச் செம்பின் விலைக்கு எடைபோடும் விதி இனியும் நீடித்தல் தகாது.