‘டிஎல்எல் ஃபைல் இல்லை’ என்று திரையில் வந்தால் ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் உள்ள சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில்தான் எல்லாமே ஓடும். போட்டோஷாப், டேலி, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், பிரிண்டர் டிரைவர் என்று ஏற்கெனவே நெரிசல். அதில் புதிதாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பழைய புரோகிராம் ஒன்று திறக்க மறுக்கிறது. ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பல நேரம் வரும் முதல் பதில், “ஃபார்மட் போட்டுடலாம் சார்”.

பல வருடக் கணக்கும் கஸ்டமர் டிசைன்களும் அதே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கின்றன. ஆனால், இந்தப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் ஃபார்மட் தேவையே இல்லை.

பொதுக் குழாய் சண்டை

டிஎல்எல் என்பது ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’. பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு. ஒண்டுக்குடித்தன வீட்டின் பொதுக் குழாய் மாதிரி. ஒரு குடித்தனக்காரர் தன் வசதிக்கு வேறு அளவில் குழாயை மாற்றிவிட்டால், மற்றவர்களின் ஹோஸ் பைப் அதில் பொருந்தாது. அதேபோல, புதிய சாஃப்ட்வேர் தனக்கு வேண்டிய பதிப்பை அதே பெயரில் வைத்துவிட்டால், பழைய சாஃப்ட்வேர் படுத்துவிடும். இதற்கு ‘டிஎல்எல் ஹெல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

விண்டோஸ் 2000-இல் முக்கியமான சிஸ்டம் கோப்புகளை யாராவது மாற்றினால், பழையதைத் திருப்பி வைக்கும் பாதுகாப்பு வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பி, ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது.

தமிழ் எழுத்தே உடைந்த கதை

இந்தச் சண்டையை அந்தக் காலத்துத் தமிழ் டைப்பிங்காரர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். யூனிகோட் தமிழில் கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில் உட்கார வைப்பது யுஎஸ்பி10.டிஎல்எல் என்ற கோப்பின் வேலை (பென் டிரைவ் செருகும் யுஎஸ்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). எம்எஸ் ஆபீஸ், இதன் புதிய பதிப்பு ஒன்றைத் தன் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டது. அதனால் வேர்டில் ‘கொ’ ஒழுங்காகத் தெரியும். பக்கத்திலேயே திறந்திருக்கும் வேறொரு புரோகிராமில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும். சிலர் ஆபீஸின் கோப்பை எடுத்து சிஸ்டம் கோப்புறையில் போட்டுப் பார்த்தார்கள். விண்டோஸ் பழையதையே திருப்பி வைத்துவிடும்! எக்ஸ்பியில் இதற்குச் சரியான வழி, கன்ட்ரோல் பேனலின் மொழி அமைப்பில் ஒரு டிக் போட்டு, சிடியிலிருந்து தேவையான கோப்புகளை ஏற்றுவதுதான்.

இன்று எங்கே சிக்கல்?

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்ற பெயர்கள் திரையில் வந்தால், குறை ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். 2015 முதல் 2022 வரைக்கும் ஒரே தொகுப்புதான். ஆனால் பழைய பதிப்பு இருந்தால் போதாது. விசிரன்டைம்140_1 என்ற கோப்பு 2019 பதிப்போடுதான் வந்தது. “அதான் ஏற்கெனவே போட்டிருக்கே” என்று பலர் குழம்புவது இங்கேதான்.

இன்னொரு குழப்பம் 32 பிட், 64 பிட். 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். ‘சிஸ்வாவ்64’-இல் இருப்பவை 32 பிட் கோப்புகள். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்! ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால், 7பி என்று முடியும் எரர் எண் வரும். 64 பிட் கம்ப்யூட்டரில் தொகுப்பின் இரண்டு வகைகளையும் ஏற்றிவிடுவது நல்லது.

கூகுளில் அந்த டிஎல்எல் பெயரைத் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து தனிக் கோப்பாக எடுத்துப் போடுவதுதான் பலரும் செய்வது. அது சரியான பதிப்பா, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொடவே வேண்டாம்.

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நேரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வருவது வேறு வகை. ஒரு புரோகிராம் டிஎல்எல்லை முதலில் தன் கோப்புறையில் தேடும், பிறகு சிஸ்டம் கோப்புறையில், கடைசியாக ‘பாத்’ பட்டியலில். வேறு ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அந்தப் பட்டியலில் முன்னால் புகுந்திருந்தால், அதன் பழைய கோப்பு இழுக்கப்பட்டுவிடும். பட்டியலில் வரிசையை மாற்றினாலே சரியாகிவிடலாம்.

எதைப் பார்க்க வேண்டும்?

கடைசியாக எதை இன்ஸ்டால் செய்தீர்கள் என்பதுதான் முதல் துப்பு. புரோகிராம் திறந்து உடனே மூடிக்கொண்டால், ‘ஈவென்ட் வியூவர்’ போய் ‘அப்ளிகேஷன்’ பகுதியைப் பாருங்கள். ‘ஃபால்ட்டிங் மாட்யூல்’ என்ற வரியில் எந்தக் கோப்பில் தடுக்கியது, அதன் பதிப்பு என்ன என்பது இருக்கும். அந்த வரியை போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அது விண்டோஸின் சொந்தக் கோப்பு என்றால், அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘எஸ்எஃப்சி’, ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, ‘ஸ்கேன்நவ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கெட்டதை மாற்றித் தரும். புரோகிராமின் கோப்பு என்றால், அந்தப் புரோகிராமையே ‘ரிப்பேர்’ செய்யலாம்.

பழைய சாஃப்ட்வேரை நீக்கும்போது, “இந்தப் பொதுக் கோப்பையும் அழிக்கவா?” என்று சில சமயம் கேட்கும். சந்தேகம் இருந்தால் ‘நோ’ கொடுங்கள். ஒரு கோப்பு கூடுதலாகக் கிடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

வைரஸ் ஆழமாகப் புகுந்திருந்தாலோ, விண்டோஸே எழுந்திருக்கவில்லை என்றாலோ ஃபார்மட் சரியான முடிவாக இருக்கலாம். அப்போதும் கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும் முன், டேலி டேட்டா கோப்புறையை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.