கொடுமுடியில் பிறந்த குரல்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலை ஜன சமுத்திரமாகிவிடும். காவடி எடுப்போரும் கால்நடையாய்ச் செல்வோரும் இளைப்பாறும் பந்தல்களில், ஒலிபெருக்கி வழியே கணீரென்று ஒரு பெண் குரல் எழும். 1965-ஆம் வருஷத்தில் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராகத் தோன்றிய ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளின் குரல் அது. வெள்ளைச் சேலையும் திருநீறுமாய் நிற்கும் அந்த மூதாட்டியைக் கண்டு கைகூப்புகிறோம். ஆனால் அவரும் ஒரு காலத்தில் வள்ளி வேஷம் புனைந்து, மேடையிலும் வாழ்விலும் காதலித்த இளம் பெண் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கரூருக்கு அப்பால் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் வருஷம் அவர் பிறந்தார். தாயார் பாலாம்பாள். வீட்டிலே வறுமை. ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற அந்தச் சிறுமியின் குரலைக் கேட்டு வியந்து, நாடகத்துக்கு வழிகாட்டியவர் திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த எப். ஜி. நடேசய்யர் என்பர். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாள், 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் கதறும் பிள்ளையாக நடித்தார். அந்தப் பசியை யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்திராது!

அக்காலத்து நாடக உலகில் பெண்ணுக்கு இடம் குறைவு. 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சபை போன்ற பாலர் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்டும் பையன்களுக்கே உரியது. நடிக்க வந்த பெண்ணையோ, அவள் பாட்டை ரசித்தவர்களே மறுநாள் ஏளனமாகப் பேசினார்கள். இருந்தும் 'ஸ்பெஷல்' நாடகம் என்ற ஏற்பாடு அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. காண்ட்ராக்டர் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே ஓர் இரவுக்கு அமர்த்துவார். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து மேடையிலேயே சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. குரலும் சமயோசித புத்தியுமே மூலதனம். அந்த மூலதனம் உள்ளவள் தன் சம்பளத்தைத் தானே பேசிக் கொள்ளலாம். அந்நாளில் எத்தனை குடும்பப் பெண்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது?

1926-ல் கொழும்பு மேடையில் சுந்தராம்பாளுக்கு ஜோடியாக வந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவருக்கு வயது இருபது, இவருக்குப் பதினெட்டு. பாட்டுக்குப் பாட்டு போட்டியிட்ட இரு குரல்களும் விரைவில் ஒன்றாயின. 1927-ல் இருவரும் மணம் செய்து கொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு, ஜாதியும் வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம் முற்றிப் பிரிவு நேர்ந்தது. இருவரும் எழுதிக் கொண்ட கடிதங்கள் சில பின்னர் அச்சில் வந்தன. சுந்தராம்பாளின் கடிதங்களில் ஏக்கம் மட்டுமல்ல, நியாயம் கேட்கும் துணிவும் இருக்கிறது. குடியும் நோயும் கிட்டப்பாவின் உடலை அரித்தன. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழாவது வயதில் அவர் காலமானார்.

நாடகக்காரிக்கு நேர்ந்த இந்தச் சோதனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் எல்லன் டெர்ரி என்ற நடிகை, 1864-ல் பதினாறு வயதில், தம்மைவிட முப்பது வயது மூத்த ஓர் ஓவியரை மணந்தார். ஒரு வருஷம்கூட அந்த வாழ்வு நிலைக்கவில்லை. பின்னர் மேடைக்குத் திரும்பி, 1878 முதல் ஹென்றி இர்விங்குடன் நடித்துப் பெரும் புகழ் பெற்றார். இர்விங்குக்கு 1895-ல் 'ஸர்' பட்டம் கிடைத்தது. அவருக்குச் சமமாக மேடையில் நின்ற எல்லனுக்கோ அதற்கு ஈடான கௌரவம் 1925-ல்தான் வந்தது. ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு ஒரு தராசு!

இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். இதை வைதவ்யக் கொடுமை என்று சிலர் சொல்லக் கூடும். நாம் அவ்வளவோடு விட்டுவிட மாட்டோம். அந்த விரதத்தைத் தம் தொழிலுக்கு நிபந்தனையாகவும் வைத்தாரே, அதைக் கவனியுங்கள். அதற்கு இணங்கித்தான் படமுதலாளிகள் அவரிடம் வந்தார்கள். 1935-ல் வெளியான 'நந்தனா'ரில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று நாடே பேசியது. சத்தியமூர்த்தி முதலிய தலைவர்களின் அழைப்பை ஏற்றுக் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். 1951-ல் சென்னை மேல்சபை அங்கத்தினரானார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1980-ல் மறைந்தார்.

நம் வகுப்புப் பெண்களிடம் நாம் எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கே. பி. என்ற எழுத்துக்களில் 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள். காதலித்தவர் புகழின் உச்சியில் இருந்தபோதும், அவர் மறைந்த பின் நாற்பத்தாறு வருஷங்களும், விளம்பரத்திலும் சட்டசபைப் பதிவிலும் சுந்தராம்பாளின் பெயருக்கு முன்னால் நின்றவை அவர் பிறந்த ஊரும் பெற்ற தாயுமே.