மாநில எல்லையைத் தாண்டினால் மாறும் பியர்: அமெரிக்காவின் '3.2' சட்டத்தின் கதை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரில் நள்ளிரவிலும் வாங்கக்கூடிய 7 சதவீத பியரை, அயல் மாநிலமான யூட்டாவின் சுப்பர்மார்க்கெட்டில் எந்த நேரத்திலும் வாங்க முடியாது. அங்கு 5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர் வேண்டுமென்றால் அரசாங்கமே நடத்தும் மதுக்கடைக்குத்தான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் மூடியிருக்கும்.

ஒரே நாட்டுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? இதற்கான பதில் 1933ஆம் ஆண்டில் இருக்கிறது.

1920 முதல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 0.5 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் கொண்ட எந்தப் பானமும் 'போதை தருவது' என்று சட்டம் வரையறுத்தது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை உலுக்கியபோது அரசுக்கு வரி வருமானமும் மக்களுக்கு வேலையும் தேவைப்பட்டன. ஆனால், மதுவிலக்கு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்ததால் அதை ஒரே நாளில் நீக்கிவிட முடியாது. எனவே, நாடாளுமன்றம் வரையறையை மாற்றியது. எடையில் 3.2 சதவீதம் மதுசாரம் கொண்ட பியர் 'போதை தராதது' என்று அறிவித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் 1933 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 21ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மதுவிலக்கை முற்றாக நீக்கியது. அதற்குத் தேவையான 36ஆவது மாநிலத்தின் ஒப்புதலை வழங்கியது, மதுவைத் தவிர்க்கும் மோர்மன் சமூகத்தினர் நிறைந்த யூட்டா! ஆனால், மதுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற அதிகாரத்தை அதே திருத்தம் மாநிலங்களின் கையில் கொடுத்தது. அன்று தொடங்கியதுதான் இந்த வேறுபாடு.

யூட்டா, ஒக்லஹோமா, கன்சாஸ், கொலராடோ, மினசோட்டா ஆகிய மாநிலங்கள் தற்காலிக ஏற்பாடாக வந்த '3.2' என்ற எண்ணைப் பல தசாப்தங்கள் பிடித்து வைத்திருந்தன. சாதாரணக் கடைகளில் அந்த பியர் மட்டுமே விற்கலாம், அதைவிட வலுவானது மதுக்கடைக்கு உரியது என்பதே விதி.

இங்கே ஒரு கணக்குக் குழப்பமும் உண்டு. 3.2 என்பது எடையை வைத்து அளந்தது. மதுசாரம் தண்ணீரைவிட இலேசானது என்பதால், இன்று போத்தல்களில் காணும் கன அளவுக் கணக்கில் அது ஏறத்தாழ 4 சதவீதம். வழமையான அமெரிக்க பியர் 5 சதவீதம். வித்தியாசம் பலர் நினைத்த அளவுக்குப் பெரிதல்ல. அதைச் சரிபார்ப்பதும் நுகர்வோருக்குச் சுலபமாக இருக்கவில்லை. பியர் லேபிளில் மதுசார அளவைக் குறிப்பிடுவதற்கு இருந்த மத்திய அரசின் தடையை 1995இல்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

இந்த பியர் பெண்ணுரிமை வரலாற்றிலும் இடம்பிடித்தது. ஒக்லஹோமாவில் 3.2 பியரைப் பெண்கள் 18 வயதிலேயே வாங்கலாம், ஆண்கள் 21 வயதுவரை காத்திருக்கவேண்டும். 1976இல் இந்த விதியைச் செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றம், பால் அடிப்படையிலான சட்டங்களைக் கடுமையாகப் பரிசீலிக்கும் புதிய அளவுகோலை வகுத்தது.

அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தாலும் பணம் மத்திய அரசிடம் இருந்தது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்று 1984இல் சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்து 1987இல் தோற்றது. இறுதியில் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

3.2 விதியை முடித்துவைத்தவை மாநிலங்களே. ஒக்லஹோமா மக்கள் 2016இல் வாக்களித்து மாற்றிய சட்டம் 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2019இல் கொலராடோ, கன்சாஸ், யூட்டா ஆகியன தொடர்ந்தன. வாங்குவோர் குறைந்த பிறகு தனியாக ஒரு பியரைத் தயாரிப்பது நிறுவனங்களுக்கு இலாபமில்லை. மினசோட்டாவின் மளிகைக் கடைகளில் மட்டும் அந்த விதி எஞ்சியது.

வேறு விசித்திரங்களும் உள்ளன. இந்தியானாவில் மளிகைக் கடைகள் பியர் விற்கலாம், ஆனால் குளிரூட்டி விற்க முடியாது. அந்தச் சலுகை மதுக்கடைகளுக்கு மட்டுமே. குளிர்ந்த பியருக்கும் குளிராத பியருக்கும் போதையில் வேறுபாடில்லை. வேறுபடுவது யாருடைய கல்லாவுக்குப் பணம் போகிறது என்பதுதான். மக்களின் நலனுக்காக என்று சொல்லப்படும் ஒரு விதி உண்மையில் யாரைப் பாதுகாக்கிறது என்ற கேள்வியை, பியர் போத்தலிலிருந்தும் கேட்கத் தொடங்கலாம்.