பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரு வீட்டு சர்வர்!

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த பலா மரமும் போயிற்று. பல நாட்கள் கரண்ட் இல்லை. வந்த பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் எழும்பவே இல்லை! அந்தப் பலா மரத்தடியில் அப்பா கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் படங்கள் உட்பட எங்கள் குடும்பத்தின் பத்து வருடப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. மிஞ்சியது, அறந்தாங்கியில் உள்ள தங்கைக்கு ஒரு டிவிடியில் எழுதிக் கொடுத்த சில படங்கள் மட்டுமே.

அதன் பிறகுதான் வீட்டு சர்வர் அமைத்தேன். உங்கள் வீட்டிலும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பரணில் கிடக்கலாம். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போமா?

வீட்டு சர்வர் என்றால் என்ன?

மூலையில் கிடக்கும் ஒரு பழைய 64 பிட் கம்ப்யூட்டர்தான். அதை ரவுட்டருடன் கேபிளில் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள லேப்டாப், மொபைல் எல்லாம் அதில் பைல்களைப் போடலாம், எடுக்கலாம். 4 ஜிபி ராம் போதும். என்னிடம் இருந்தவை பழைய டெஸ்க்டாப்பின் 500 ஜிபி டிஸ்க்கும் 1 டிபி டிஸ்க் ஒன்றும். புதிதாக வாங்கியது ஒரு 2 டிபி டிஸ்க்.

முதலில் சோதனை!

பழைய டிஸ்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரில் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டார் ஆகிய இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால், முக்கியமான பைல்களை அதில் வைக்காதீர்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு.

புதிதாக வாங்கும்போது சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நிறைய எழுதும்போது வேகம் குறையும். சர்வருக்கு சிஎம்ஆர் நல்லது.

அளவு வேறுபட்டால் என்ன ஆகும்?

பலரும் சொல்வது ரெய்டு 5. ஆனால் அது மிகச் சிறிய டிஸ்க்கின் அளவையே எல்லா டிஸ்க்குக்கும் எடுத்துக்கொள்ளும். என் மூன்று டிஸ்க்குகளில் கிடைப்பது 1 டிபி மட்டுமே. மீதி இடம் வீண்!

இதற்கு மாற்று ஸ்னாப்ரெய்டு. ஒரு டிஸ்க்கில் 5, இன்னொன்றில் 3 என்ற எண் இருப்பதாக வையுங்கள். மூன்றாவது டிஸ்க்கில் 8 என்று கூட்டலை எழுதிவிட்டால், 5 உள்ள டிஸ்க் போனாலும் 8-லிருந்து 3-ஐக் கழித்து மீட்டுவிடலாம். இந்தக் கூட்டல் போன்றதுதான் பாரிட்டி. சிறிய டிஸ்க் முடிந்த இடத்துக்குப் பிறகு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அளவு வேறுபட்டாலும் கவலையில்லை. ஒரே நிபந்தனை: பாரிட்டி டிஸ்க் மற்ற எதையும் விடச் சிறியதாக இருக்கக் கூடாது. எனக்கு 2 டிபி பாரிட்டிக்குப் போக, 1.5 டிபி இடம் கிடைத்தது.

அமைக்கும் முறை

1. டிஸ்க்குகளில் உள்ளவற்றை வேறு இடத்தில் காப்பி செய்யுங்கள். எல்லாம் அழிக்கப்படும்!

2. ஓப்பன் மீடியா வால்ட் என்ற இலவச சிஸ்டத்தை, தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைப்பது பாதுகாப்பு.

3. டிஸ்க்குகளை மாட்டி, வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து நுழையுங்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

4. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாக இஎக்ஸ்டி4 முறையில் பார்மட் செய்யுங்கள்.

5. ஓஎம்வி எக்ஸ்ட்ராஸ் மூலம் ஸ்னாப்ரெய்டு, மெர்ஜர்எஃப்எஸ் இரண்டையும் சேருங்கள். மெர்ஜர்எஃப்எஸ், 500 ஜிபியையும் 1 டிபியையும் ஒரே போல்டராகக் காட்டும். பாரிட்டி டிஸ்க்கை இதில் சேர்க்காதீர்கள்.

6. தினமும் இரவில் ஸ்னாப்ரெய்டு சிங்க் தானாக நடக்கும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

கடைசி சிங்க்குக்குப் பிறகு போட்ட பைல்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்காதீர்கள். எனவே இது அடிக்கடி மாறாத போட்டோ, வீடியோவுக்கு ஏற்றது. இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனால் ரெய்டு 5-ல் எல்லாமே போய்விடும். இதில் மிஞ்சிய டிஸ்க்கில் உள்ள பைல்களை அப்படியே படிக்கலாம்.

கரண்ட் விஷயம்

டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். யூபிஎஸ் கட்டாயம்.

சர்வர் மட்டும் போதுமா?

போதாது! இடி விழுந்தாலோ திருடன் வந்தாலோ மூன்று டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். தவறுதலாக அழித்த பைலும் சிங்க் ஆகிவிட்டால் திரும்பாது. அன்று அப்பாவின் படத்தைக் காப்பாற்றியது என் கம்ப்யூட்டர் அல்ல, தங்கை வீட்டு அலமாரியில் இருந்த டிவிடிதான். அதனால் இப்போது ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி செய்து அறந்தாங்கியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய படங்களைச் சேர்த்துவிட்டு வருவேன்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணை ஒருமுறை பாருங்கள். சர்வர் அமைக்க நாளானாலும் பரவாயில்லை. வேறு வீட்டில் வைக்க ஒரு பிரதி மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்!