முதற் பட்டத்துக்குப் பின் யார் செலவு செய்வது?

குருநகரிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ். பல்கலைக்கழகத்திற்குச் சைக்கிளிலேயே சென்றுவிடலாம். ஆயினும் இளமாணிப் பட்டத்துக்கு அப்பால் அந்தப் பாதை செலவுமிக்கது.

1945 இல் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துடன் நின்றுவிடுகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். மஹாபொல மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தியது. முதுமாணி மாணவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பாடநெறிக் கட்டணத்தையும் அவர்களே செலுத்தவேண்டும்.

எனவே பகலில் தற்காலிக உதவி விரிவுரையாளர் பணி (அதுவும் கிடைத்தால்), மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் வகுப்பு, இரவில் ஆய்வேடு. பணிக்காலம் முடிந்தால் வருமானமும் முடியும். பெண் பிள்ளையாயின் இடையில் திருமணப் பேச்சும் வந்துவிடும்.

வீடும் எப்போதும் கைகொடுக்காது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகை நம்பிய குடும்பம், கடலுக்குப் போகாத நாளில் கட்டணப் பணத்துக்கு எங்கே போகும்? இடைநிறுத்தப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றின் காரணம் சோம்பலன்று.

தேவாலயப் பங்குகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய சபைகளும் உயர்தரச் சித்திக்குப் பரிசளிக்கின்றன. அவை ஆண்டுக்கு ஓர் ஆய்வு மாணவரின் கட்டணத்தையேனும் பொறுப்பேற்கலாம். பல்கலைக்கழகம் அக்கட்டணத்தைச் சிறு தவணைகளாகப் பெறலாம்.